நியோட்டோமா தரவுத்தளம்: எலிக்கூட்டுப் பதிவுகளுக்கு எவ்வளவு நம்பலாம்?

பழங்காலக் காடு எப்படி இருந்தது என்று தேடுகிறவர்களிடம் நியோட்டோமா தரவுத்தளம் காசு கேட்பதில்லை. கணக்குத் தொடங்க வேண்டாம், பல்கலைக்கழகச் சந்தாவும் வேண்டாம். உலாவியில் திறந்து, வரைபடத்தில் தேடி, வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம். யாருடைய தரவு என்று சொல்லிவிட்டால் போதும்; அதன் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கேட்பது அவ்வளவுதான். மகரந்தம், பாலூட்டி எலும்பு, டயட்டம் என்னும் நுண்பாசி என்று பலவகைப் பதிவுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. இங்கே பார்க்கப்போவது அவற்றில் ஒரே ஒரு வகையை: வட அமெரிக்காவின் மேற்குப் பாலைகளில் பேக்ராட் எலிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சேர்த்துவைத்த குப்பையை. அந்த எலிகளின் பேரினப் பெயர்தான் நியோட்டோமா. எலியின் பெயரையே சூடிக்கொண்ட தரவுத்தளம் எலிக்குப்பையை எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது பொருத்தம்தானே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எந்தச் செடி, எந்த இடத்தில், எந்தக் காலத்தில் இருந்தது என்று அறிய இதைவிட நல்ல இலவச வழி இல்லை. ஒரு செடி எவ்வளவு இருந்தது என்று அளக்கப் போனால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஒரு செடி இல்லை என்று நிறுவ இதை மட்டும் நம்பக் கூடாது. எலியின் பரிணாமத்தைப் படிக்க இது வாசற்படி மட்டுமே.

இறுகிய எலிக்குப்பைக்குள் என்ன இருக்கிறது

தரவைப் புரிந்துகொள்ள, அது எதிலிருந்து வந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். பேக்ராட் தூங்குவது கூட்டில். அதை ஒட்டியே குப்பையும் கழிப்பிடமுமாக ஒரு குவியல் இருக்கும். ஆய்வாளர்கள் மிடன் என்று சொல்வது அந்தக் குவியலை. எலி தன் இருப்பிடத்தைச் சுற்றி ஏறத்தாழ 30 முதல் 100 மீட்டருக்குள் கிடைக்கும் குச்சி, இலை, விதை, கற்றாழை முள், எலும்பு எல்லாவற்றையும் இழுத்து வரும். அதன்மேல் சிறுநீர் விழுந்து, காய்ந்து, படிகமாகி இறுகும். இந்த இறுகிய பொருளுக்கு ஆம்பராட் என்று பெயர். உடைத்துப் பார்த்தால் கருப்பட்டி உடைந்த முகம் போலப் பழுப்பும் கறுப்புமாகப் பளபளக்கும். உள்ளே ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரவகையின் குச்சியில் உள்ள செதில் இலைகள்கூட ஒவ்வொன்றாக எண்ணும்படி இருக்கும். 1849-இல் தங்கம் தேடி நெவாடா வழியாகப் போன குழு ஒன்று இதை ஏதோ மிட்டாய் என்று எண்ணித் தின்று குமட்டலில் தவித்ததாகப் பதிவு உண்டு.

பாறை இடுக்கும் குகையும் மழையைத் தடுக்கும் வரை இந்தக் கட்டி அழியாது. ஆம்பராட் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால், ஈரமான நாடுகளில் இப்படிப்பட்ட ஆவணம் கிடைப்பது அரிது. கரிமப் பொருளில் மிஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் ரேடியோகார்பன் முறை எட்டும் எல்லை, அதாவது ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் வரை, இவற்றுக்குத் தேதி சொல்லலாம்.

இதன் மதிப்பு வெளிப்பட்டது 1964-இல். பிலிப் வெல்ஸ், கிளைவ் ஜோர்கென்சன் இருவரும் நெவாடாவின் ஃப்ரெஞ்ச்மேன் ஃபிளாட் அருகே, இன்று ஜூனிப்பரே இல்லாத வறண்ட குன்றுகளில், மிடன்களுக்குள் யூட்டா ஜூனிப்பரின் இலைக்குச்சிகளையும் விதைகளையும் கண்டார்கள். அந்த மிடன்களின் ரேடியோகார்பன் வயது 7,800 முதல் 40,000-க்கும் மேல் வரை இருந்தது. மகரந்தம் காற்றில் பல மைல் பறந்து வரும். குச்சியோ எலி நடக்கும் தூரத்திலிருந்துதான் வரும். மிடனின் முழுப் பலமும் இதில்தான் இருக்கிறது.

ஒரு வரித் தரவு உருவாகும் விதம்

தரவுத்தளத்தில் ஒரு வரியைப் பார்க்கும்போது அதன் பின்னால் நடந்த வேலை மனத்தில் ஓட வேண்டும். மிடனைச் சுத்தியலாலும் உளியாலும் பெயர்ப்பார்கள். பல நூற்றாண்டு இடைவெளிவிட்டு வேறு எலிகள் அதே இடுக்கில் குடியேறியிருக்கலாம். அப்படியானால் ஒரே கட்டியாகத் தோன்றுவது உண்மையில் இரண்டு மூன்று காலத்து அடுக்குகள். நடுவில் வெயிலும் தூசியும் பட்டுக் கருத்த மேற்தோல் இருக்கிறதா என்று பார்த்து, அந்த இடத்தில் பிரிக்க வேண்டும். மேற்தோலைச் சுரண்டி எறியாவிட்டால் சிக்கல்தான். மழைக்காலத்தில் ஆம்பராட் ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்போது பறந்து வந்த இன்றைய விதையும் மகரந்தமும் அதில் ஒட்டிக்கொள்ளும். பழைய மிடன்களில் ஒட்டாத இனத்தின் ஒற்றை விதை கிடைத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பிறகு கட்டியை வாளித் தண்ணீரில் சில நாள் ஊறப்போடுவார்கள். ஆம்பராட் கரைந்து தண்ணீர் தேநீர் நிறமாகும். அதைச் சல்லடையில் ஊற்றிக் கழுவி, காயவைத்து, சிறு கத்தியும் இடுக்கியுமாகக் கையாலேயே பிரிப்பார்கள்: ஊசியிலை ஒரு பக்கம், விதை ஒரு பக்கம், எலிப் புழுக்கை ஒரு பக்கம். சல்லடைக் கண்ணின் அளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். பெரிய கண்ணில் கழுவினால் சிறுபூண்டுகளின் விதைகள் தண்ணீரோடு போய்விடும். எனவே இரண்டு ஆய்வகங்களின் சிறுவிதைப் பட்டியலை அப்படியே ஒப்பிடுவது தவறு.

மிடனைக் கையால் தொடும் வேலையில் இறங்குகிறவர்கள் முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். எலிக்கழிவுத் தூசியில் ஹண்டா வைரஸ் இருக்கலாம். பேக்ராட் கூடுகளில் சாகஸ் நோயைப் பரப்பும் முத்தப்பூச்சிகளும் குடியிருக்கும்.

தேடுவது எப்படி

இரண்டு வழி உண்டு. எக்ஸ்ப்ளோரர் என்ற வரைபடப் பக்கத்தில் தரவு வகையாகத் தாவரப் பேரெச்சத்தை (கண்ணுக்குத் தெரியும் இலை, விதை, குச்சித் துண்டுகளை)த் தேர்ந்து, இடத்தையும் காலத்தையும் குறுக்கிக்கொண்டு தேடலாம். புள்ளியைச் சொடுக்கினால் தளத்தின் விவரமும் அதன் தரவுத்தொகுப்புகளும் திறக்கும். பத்துப் பதினைந்து மிடன் பார்ப்பதற்கு இதுவே போதும். முதன்முறை வருகிறவர்கள் இங்கே ஒரு மணிநேரம் செலவிட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது.

நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால் ஆர் என்ற நிரல் மொழியில் நியோட்டோமா2 என்ற தொகுப்பு இருக்கிறது. வரிசை இதுதான்: முதலில் தளங்களைத் தேடும் ஆணை, பிறகு அந்தத் தளங்களின் தரவுத்தொகுப்புகளைப் பட்டியலிடும் ஆணை, அதை வகைவாரியாக வடிகட்டல், பிறகு முழுத் தரவை இறக்கும் ஆணை, கடைசியில் மாதிரிகளை ஒரே நீள அட்டவணையாக விரிக்கும் ஆணை. இதில் புதியவர்கள் அதிகம் விழும் குழி முதல் படியிலேயே இருக்கிறது. எல்லாத் தரவும் வேண்டும் என்று தனியாகக் குறிப்பிடாவிட்டால் முதல் 25 பதிவுகள் மட்டுமே வரும், பிழைச்செய்தி எதுவும் வராது. மொஹாவி பாலைவனத்தில் 25 தளம்தான் இருக்கிறது என்று நினைத்து வரைபடம் போட்டுவிட்டால் வேலை முழுதும் வீண். இன்னொன்று, எல்லையைக் கொடுக்கும்போது தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறியும் வேண்டும். மாற்றிக் கொடுத்தால் வெறும் அட்டவணைதான் திரும்பி வரும்.

விரித்த அட்டவணையின் ஒரு வரியில் செடியின் பெயர், எந்த உறுப்பு, அலகு, மதிப்பு, வயது, வயதின் வகை, மேல் கீழ் வரம்புகள் எல்லாம் தனித்தனிப் பத்திகளாக நிற்கும். உறுப்புக்குத் தனிப் பத்தி வைத்திருப்பது அருமையான முடிவு. பைன் என்று மட்டும் இருந்தால் பெரிய பயன் இல்லை. ஊசியிலை என்று இருந்தால் எலி மரத்தருகே போயிருக்கிறது. மகரந்தம் என்று இருந்தால் காற்றாகவும் இருக்கலாம். பின்யோன் பைன்களில் இது இன்னும் ஆழமாகப் போகும்: மோனோஃபில்லா இனத்தில் ஊசி தனித்து உருண்டையாக இருக்கும், எடுலிஸ் இனத்தில் இரண்டிரண்டாக, ஒரு பக்கம் தட்டையாக. ஊசி கிடைத்தால் இனத்தைப் பிரிக்கலாம், மகரந்தத்தால் அப்படிப் பிரிக்க முடியாது.

தேதிகளைக் காப்பாற்றியிருப்பதே இதன் பெரிய பெருமை

பழைய கட்டுரைகளில் தேதி பெரும்பாலும் அளவுத்திருத்தம் செய்யாத, அதாவது நாட்காட்டி ஆண்டுக்கு மாற்றாத, ரேடியோகார்பன் ஆண்டுகளில் இருக்கும். 10,000 ரேடியோகார்பன் ஆண்டு என்பது நாட்காட்டிக் கணக்கில் ஏறக்குறைய 11,500. 18,000 என்பது 22,000-ஐ ஒட்டி வரும். இரண்டு கணக்கையும் கலந்தால் பனியுகத்தின் உச்சக் காடு ஒன்று நாலாயிரம் ஆண்டு தள்ளிப் போய் உட்காரும்.

நியோட்டோமா இதைக் கையாளும் விதம் பாராட்டுக்குரியது. கட்டுரையில் வந்த கடைசி வயதை மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஆய்வகம் கொடுத்த மூலத் தேதியை அதன் ஆய்வக எண், பிழை வரம்பு, எந்தப் பொருளைத் தேதியிட்டார்கள் என்ற குறிப்பு எல்லாவற்றோடும் தனியாகச் சேமிக்கிறது. முறையின் எல்லையைத் தாண்டிய தேதியைக் குறிக்க, அது முடிவிலி என்று சொல்லும் ஒரு புலமே இருக்கிறது. அதனால் 1970-களில் போட்ட தேதியையும் இன்று இன்ட்கால்20 என்ற அளவுத்திருத்த வளைவில் மறுபடி திருத்தலாம். அட்டவணையின் வயதுவகைப் பத்தியைப் பார்க்காமல் வயதைத் தொடக் கூடாது. ஒரே தளத்துக்கு இரண்டு மூன்று காலக்கணக்குகள் இருக்கலாம். மாதிரி அட்டவணையில் வருவது அவற்றில் இயல்பாகக் குறிக்கப்பட்ட ஒன்று மட்டுமே.

எந்தப் பொருளைத் தேதியிட்டார்கள் என்ற குறிப்பைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய முறைக்குக் கிராம் கணக்கில் பொருள் வேண்டும். அதனால் ஒரு கைப்பிடி புழுக்கையையோ குச்சியையோ சேர்த்து எரித்துத் தேதி வாங்கினார்கள். அந்தக் கைப்பிடியில் வேறு காலத்தது கலந்திருந்தால் கிடைப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு பொய்த் தேதி. முடுக்கி நிறைமானி முறைக்குச் சில மில்லிகிராம் போதும். ஒற்றை ஊசியிலைக்கே தேதி வாங்கலாம். எனவே ஒரு அரிய இனம் எப்போது வந்தது என்பதே கேள்வி என்றால், தேதி அந்த இனத்தின் துண்டிலேயே போடப்பட்டதா என்று பாருங்கள். ஜூனிப்பர் குச்சியின் தேதியைப் பக்கத்தில் கிடந்த ஒற்றை விதைக்கும் கொடுப்பது நம்பிக்கைக்குரியதல்ல.

எங்கே கால் இடறும்

அளவுகள்தான் மிகப் பலவீனமான இடம். ஒரு ஆய்வாளர் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டிருப்பார், இன்னொருவர் துண்டுகளை எண்ணியிருப்பார், மூன்றாமவர் உண்டு இல்லை என்று மட்டும் எழுதியிருப்பார். மூன்றும் மதிப்பு என்ற ஒரே பத்தியில் வந்து நிற்கும். அலகுப் பத்தியைப் பார்க்காமல் கூட்டினால் 5 என்பது நிறைந்து கிடந்தது என்றும் ஆகும், ஐந்தே துண்டு என்றும் ஆகும். இது தரவுத்தளத்தின் குற்றமில்லை. அவரவர் கொடுத்ததை மாற்றாமல் வைத்திருப்பதே சரி. ஆனால் பயன்படுத்துகிறவர் உண்டு இல்லை என்ற நிலைக்கு எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது வெற்றிடம். கண்டெடுத்த செடிகள்தான் பட்டியலில் இருக்கும். நீள அட்டவணையை அகல அட்டவணையாக மாற்றும்போது விடுபட்ட கட்டங்களில் நிரல் பூஜ்யம் போட்டுவிடும். அந்தப் பூஜ்யம் செடி இல்லை என்று சொல்லவில்லை. எலி அதை எடுத்துவரவில்லை, அல்லது சல்லடையில் போய்விட்டது, அல்லது பிரித்தவருக்கு அடையாளம் தெரியவில்லை என்பதும் அதற்குள் அடங்கும். எலிக்கு எலி ருசியும் மாறும். ஸ்டீபன்சி என்ற பேக்ராட் இனம் ஜூனிப்பரையே நம்பி வாழ்வது. அல்பிகுலா இனம் கற்றாழையை விரும்பும். எந்த இனம் சேர்த்தது என்று பல மிடன்களில் தெரியாது. ஒரே மிடனில் ஜூனிப்பர் குவிந்திருந்தால் அது காட்டின் அளவா எலியின் பசியா என்று பிரிக்க முடியாது. அதே பகுதியில், அதே காலத்தில், பல மிடன்களில் திரும்பத் திரும்ப வந்தால்தான் காட்டைப் பற்றிப் பேச முடியும்.

இடக்குறிப்பிலும் கவனம் வேண்டும். தளத்தின் இடம் ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு பெட்டியாகவும் இருக்கலாம். சில நேரம் பழைய கட்டுரையில் இடம் துல்லியமாக இல்லாததால், சில நேரம் தளத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றே அகலமாக்கியதால். சமவெளி ஏரிக்கு இது பொருட்டில்லை. செங்குத்துப் பள்ளத்தாக்கின் சுவரில் இருக்கும் மிடனுக்கு உயரம்தான் உயிர். பெட்டியின் நடுப்புள்ளியை எடுத்து உயர வரைபடத்தில் வைத்தால் சில நூறு மீட்டர் மேலோ கீழோ போய்விடலாம். அது ஒரு தாவர மண்டலத்தையே தாண்டும் தூரம். பதிவில் உள்ள உயரத்தைக் கட்டுரையோடு சரிபாருங்கள்.

பெயர்களைச் சீர்செய்வதும் உங்கள் பொறுப்பே. ஒருவர் இனம் வரை சொல்லியிருப்பார், இன்னொருவர் பேரினத்தோடு நிறுத்தியிருப்பார், க்ரியோசோட்டுப் புதர் பழைய கட்டுரைகளில் வேறு இனப்பெயரில் இருக்கும். எதை எதோடு சேர்ப்பது என்று ஒரு அட்டவணை நீங்களே போட்டு, அதையும் முடிவுகளோடு வெளியிடுவதுதான் முறை.

இவை எல்லாம் ஒன்றாகக் கூடும் இடம் நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கு. 1981-இல் ஜூலியோ பெட்டன்கோர்ட்டும் தாமஸ் வான் டெவெண்டரும் மிடன்களைக் கொண்டு அங்கே 11,000 ஆண்டுத் தாவர மாற்றத்தை எழுதினார்கள். தொடக்கத்தில் டக்ளஸ் ஃபிர், லிம்பர் பைன் ஆகிய ஊசியிலை மரங்கள். பிறகு பின்யோனும் ஜூனிப்பரும். 1,230 ஆண்டுகளுக்கு முந்தைய தேதிக்குப் பிறகு அவையும் சடாரெனக் குறைகின்றன. பெரும் வீடுகள் கட்டிய ப்யூப்லோ பழங்குடி மக்களின் விறகுத் தேவை காரணமாக இருக்கலாம் என்றார்கள். பின்னால் வந்தவர்கள் இதை மறுத்தார்கள், வாதம் இன்னும் நடக்கிறது. ஒரு மிடன் சில ஆண்டுகளின், சில பத்தாண்டுகளின் படம் மட்டுமே. இரண்டு படத்துக்கு நடுவில் நூற்றாண்டுகள் காலி. அந்தக் காலியில் மரம் எப்போது போனது, யாரால் போனது என்று மிடன் மட்டும் சொல்லாது. சாக்கோ பதிவுகளை இறக்கி, தேதிகளை வரிசையாக ஒரு கோட்டில் வைத்து, இடைவெளிகளைக் கண்ணால் பார்ப்பது புதியவருக்கு நல்ல பயிற்சி.

இன்னொரு கடை

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் பேக்ராட் மிடன்களுக்கென்றே தனித் தரவுத்தளம் வைத்திருக்கிறது. மேற்கு வட அமெரிக்காவின் 3,000-க்கும் மேற்பட்ட மிடன் மாதிரிகள் அதில் உள்ளன. ஆணைகள் எதுவும் தெரியாமலே மொத்தமாக இறக்கி, விரிதாளில் திறந்து வேலை செய்யலாம். தாவர வரைபடம் மட்டுமே நோக்கம் என்றால் அதில் தொடங்குவதே வசதி. அதே பகுதியின் எலும்பு, மகரந்தம் ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்கவும், நிரல் வழியாகத் திரும்பத் திரும்ப இறக்கவும் நியோட்டோமாதான் சரி. இரண்டையும் ஒட்டவைக்கும்போது ஒரே மிடன் இருமுறை எண்ணப்படும். தேதியின் ஆய்வக எண்ணை வைத்துப் பொருத்தி இரட்டைகளை நீக்குங்கள். தளப் பெயரை வைத்துப் பொருத்தினால் எழுத்து வேறுபாட்டில் பாதி தப்பிவிடும்.

பரிணாமம் படிக்க வருகிறவர்களுக்கு

மிடனிலிருந்து வந்த பரிணாம ஆய்வுகள் அபாரமானவை. ஃபெலிசா ஸ்மித் குழு 1995-இல் புழுக்கையின் அகலத்தை அளந்து எலியின் உடல் எடையைக் கணித்தது. குட்டிகளின் புழுக்கை கலந்துவிடும் என்பதால் பெரியவற்றைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 25,000 ஆண்டுகளில் வெப்பம் ஏறியபோது உடல் சிறுத்தது, குளிர்ந்தபோது பெருத்தது. க்ரியோசோட்டுப் புதரில் இன்னும் நுட்பம்: குரோமோசோம் தொகுதி கூடக் கூட இலைத்துளையின் காப்புச்செல் பெரிதாகும். மிடனில் கிடைத்த இலையை நுண்ணோக்கியில் அளந்து, அது இரட்டை, நான்கு, ஆறு தொகுதி வகைகளில் எது என்று 2001-இல் பிரித்துக் காட்டினார்கள். 2018-இல் 27,000 ஆண்டுப் பழமையான பாப்பிலோமா வைரஸின் மரபணு ஒரு மிடனிலிருந்தே படிக்கப்பட்டது.

புழுக்கை அகலம், செல் அளவு, மரபணு வரிசை ஆகிய எதையும் நியோட்டோமாவின் தாவரப் பட்டியலில் தேடாதீர்கள். அவை அந்தந்தக் கட்டுரையின் இணைப்புகளிலும் மரபணுக் களஞ்சியங்களிலும் இருக்கும். நியோட்டோமா இங்கே செய்யும் உதவி வேறு: எந்தப் பள்ளத்தாக்கில், எந்த உயரத்தில், எந்தக் காலத்து மிடன்கள் ஏற்கெனவே தேதியிடப்பட்டிருக்கின்றன, யார் எடுத்தார்கள், எந்தக் கட்டுரையில் வந்தது என்று ஒரே இடத்தில் காட்டும். புதிதாக மலை ஏறிப் பாறையைக் கொத்துவதற்கு முன், பிரித்துவைத்த பழைய மாதிரியின் மிச்சம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்க அந்தப் பட்டியல் போதும். ஒரு முறை கரைத்த மிடன் மறுபடி கட்டியாகாது, அதனால் இந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

மேற்கோள் தரும்போது தரவுத்தளத்தின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு தரவுத்தொகுப்புக்கும் டி.ஓ.ஐ. என்ற தனி நிலையான இணைய அடையாள எண் இருக்கிறது. அதையும், மிடனை எடுத்துப் பிரித்தவரின் மூலக் கட்டுரையையும், இறக்கிய தேதியையும் சேர்த்து எழுதுங்கள். பதிவுகள் பின்னால் திருத்தப்படுவதால், தேதி இல்லாவிட்டால் உங்கள் அட்டவணையை வேறொருவர் மறுபடி உருவாக்க முடியாது.